பானட்டின் மேல் ஒரு கல்

என் மாமியாரின் பின்னந்தலை எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். முகத்தை நேராகப் பார்த்தது கிடையாது. ஒரு தடவையாவது நின்று பேச முடிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. நானும் பொறுப்பான மனிதன் என்று ஊரை இன்னும் கொஞ்ச நாள் நம்பவைத்திருப்பேன்.

பாலைவனத்து ஆதிகுடிகளான எங்கள் ஜனத்தில் அது அப்படித்தான். நான் ஜம்பிஜின்பா வகையில் பிறந்தவன். நபுருர்லா வகைப் பெண்களெல்லாம் எனக்கு மாமியார் முறை. ஏனென்றால் ஜம்பிஜின்பாவுக்கு வரவேண்டிய மனைவி நபுருர்லா வயிற்றில்தான் பிறப்பாள். மாமியாரைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, பேர் சொல்லக்கூடாது, ஒரே வண்டியில் போகக்கூடாது. ஆழ்துளைக் கிணற்றை வைத்து 'நாலாம் நம்பர் போர்' என்று பேர் வந்த எங்கள் ஊரில் மொத்தம் ஏழு நபுருர்லாக்கள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் மாவு மூட்டைக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கித்தான் போகவேண்டும். ஒரு நாள் அப்படிப் பதுங்கியதைப் பார்த்துக் கடைக்காரன் என் பையைச் சோதித்தான்.

என் பெயர் லெராய். ஆறாவது வரை படித்தேன். வாத்தியார் மாற்றலாகிப் போனார், என் படிப்பும் அவர் வண்டியிலேயே ஏறிப் போய்விட்டது. பிறகு மாட்டுப் பண்ணையில் குதிரை ஓட்டினேன். பார்த்தவர்கள், குதிரைதான் என்னை ஓட்டியது என்பார்கள். மூன்றாவது தடவை விழுந்து தோள்பட்டை போனதும் அதை விட்டேன். அப்புறம் ரோசலினைக் கட்டிக்கொண்டு, அவள் வேலைக்குப் போக, நான் வேப்பமரம் மாதிரி ஒரே இடத்தில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் ஜனங்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் ஆபீஸ்காரர்கள் தூரத்து டவுனான ஆலிஸிலிருந்து வந்தார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யாருக்கு யாரோடு சண்டை, யார் எந்த மாமன் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்றெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். ஊரே ஒரே குரலில் என்னைக் கைகாட்டிவிட்டது. அதைப் பாராட்டு என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷமாக அதுதான் வேலை. மாதம் ஒருமுறை நீதிபதி சின்ன விமானத்தில் வந்து இறங்குவார். விளையாட்டு ஹாலில் கோர்ட்டு நடக்கும். அதற்கு முன்னால் ஆட்களைத் தேடிப் பிடித்து, தேதி சொல்லி, கடிதத்தைப் படித்துக் காட்டி, சட்டை மாட்டி, ஹாலுக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு. இன்னொரு பொறுப்பும் உண்டு. காலர் வைத்த சட்டை போட்டவன் எதைக் கேட்டாலும் "ஆமா" என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். ஆமா என்றால் சீக்கிரம் போய்விடுவான். அந்தப் பழக்கத்தை விரட்டுவதற்கு நான் மாதாமாதம் கூட்டம் போடுவேன். "போலீஸ் கேட்டா ஆமான்னு சொல்லாதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. புரிஞ்சுதா?" என்பேன். எல்லோரும் "ஆமா" என்பார்கள்.

இனி மாமியார் விஷயம். அவரும் அவர் தங்கையும் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, தங்கள் அப்பா வழி மண்ணில், ரெண்டு தகர வீட்டில் நாய்களோடு இருக்கிறார்கள். தங்கைக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஊர் கிளினிக்கில் டயாலிசிஸ். அக்காதான் பழைய டொயோட்டாவில் கொண்டுவந்து விடுவார். லைசென்ஸ் கிடையாது. நாற்பது வருஷமாக ஓட்டுகிறார், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஆனால் போலீஸ் கோழியைக் கேட்பதில்லை, அட்டையைத்தான் கேட்கிறது. கேஸ் போட்டுவிட்டார்கள். கோர்ட்டு நாளன்று மழை, நீதிபதியின் விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. புதுத் தேதி போட்டு எல்லோருக்கும் எங்கள் ஆபீஸ் கடிதம் கொடுத்தனுப்பியது. மாமியார் கடிதமும் என் கைக்கே வந்தது.

சாதாரணமாக இப்படி வந்தால் ரோசலின் கையில் கொடுத்துவிடுவேன். மகள் அம்மாவிடம் கொடுப்பாள், முடிந்தது. அந்த வாரம் ரோசலின் என்னோடு பேசவில்லை. அடுத்த ஆள் என் மச்சான் டீனோ, மாமியாரின் மகன். அவன் கால்பந்து ஆட்டம் என்று ரெண்டு வாரம் வெளியூர் போயிருந்தான். ஆகவே நானே ஆபீஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நூறு அடி தூரத்தில் நிறுத்தி இருமினேன். மரியாதையான இருமல்தான். மாமியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். சின்ன மாமியாரும் போய்விட்டார். நாய்கள் மட்டும் நின்று, என்ன சமாசாரம் என்று பார்த்தன. நாய்க்குப் படித்துக் காட்ட முடியாது. டொயோட்டாவின் பானட்டில் கங்காரு மோதிய பள்ளம் ஒன்று இருந்தது. கவரை அதில் வைத்து, தேங்காய் அளவு ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். வண்டியில் ஏறி, படிவத்தில் "நேரில் கொடுத்துப் படித்துக் காட்டினேன்" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஆறாவது வரை அது ஒன்றைத்தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன்.

மற்ற மாமியார்களாக இருந்தால் நான் போனதும் கவரைப் பிரித்திருப்பார்கள். என் மாமியார் கண்டிப்பானவர். மருமகன் கையால் வைத்த பொருள், நடுவில் ஆள் இல்லாமல் வந்திருக்கிறது. மகள் வந்து எடுத்துக் கொடுத்தால்தான் தொடுவார். தொடவும் கூடாது, கீழே விழவும் விடக்கூடாது, அதுவும் அவமரியாதை. தங்கைக்கோ வாரம் மூன்று நாள் மிஷினில் படுக்கவேண்டும். என்ன செய்தார் தெரியுமா? பானட்டில் கல்லும் கவரும் அப்படியே இருக்க, சைக்கிள் வேகத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்பவும் அதே வேகம். ரெண்டு வாரம் இது நடந்திருக்கிறது. ரோசலின் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் அவர் வந்து போவார், அதனால் அவள் கண்ணில் படவில்லை; கூப்பிட்டுச் சொன்னால் மருமகனைக் குறை சொன்ன மாதிரி ஆகும். ஊரில் பார்த்தவர்களெல்லாம் மாமியார் மருமகன் சமாசாரம், நமக்கெதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னைப் பற்றிப் புறம்பேச மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கும்.

நடுவில் கோர்ட்டுத் தேதியும் வந்து போனது. மாமியார் வருவார், எதிரில் படக்கூடாது என்று அன்றைக்குக் காலையிலேயே நான் ஹாலுக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு மரியாதை. அதனால் அவர் வராததே எனக்குத் தெரியாமல் போனது. நீதிபதி வாரண்ட் போட்டார். ரெண்டு நாள் கழித்து, நல்ல ரோட்டில் ஒரு டொயோட்டா தலையில் கல்லை வைத்துக்கொண்டு ஊர்ந்து போவதைப் பார்த்து சார்ஜண்ட் கைகாட்டி நிறுத்தினார். வேகமாகப் போயிருந்தால் கவனித்திருக்கவே மாட்டார். லைசென்ஸ் இல்லாமல் இரண்டாவது தடவை, மேலே வாரண்ட் வேறு.

அடுத்த கோர்ட்டுக்கு ஒரு மாதம். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். தங்கையைக் கூட்டிவர கிளினிக் வண்டி வந்தது. கோர்ட்டு நாள் வரைக்கும்தான் வரும், அப்புறம் கிடையாது என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் எங்கள் வக்கீல் ஹெஸ்டர் வந்தாள். மெல்போர்ன் பெண், சின்ன வயசு, தொப்பிக்குள் தொலைந்துபோன மாதிரி இருப்பாள். வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து அவளை நபங்கார்டி வகையில் சேர்த்துவிட்டார்கள். ரோசலினும் நபங்கார்டி. அதாவது ஹெஸ்டர் என் மாமியாருக்கு மகள் முறை. எனக்கு மனைவி முறை. அவள் ஆபீசுக்கு வரும் நாளிலெல்லாம் ரோசலின் எனக்கு மதியச் சாப்பாடு தானே கொண்டுவருவாள். எனக்குச் சாப்பாடு கொடுக்க வருகிறாள் என்று நான் நம்பவில்லை.

"லெராய், உங்க மாமியார் கேஸ் ரொம்ப மோசமா இருக்கு" என்றாள் ஹெஸ்டர். "கூப்பிட்டும் வரல, அதுக்கப்புறமும் வண்டி ஓட்டியிருக்காங்க. கோர்ட்டைக் காலால எத்துறாங்கன்னு ஜட்ஜ் நினைப்பாரு. மூணு மாசம் உள்ள போடலாம்."

"மூணு மாசமா?"

"போட்டா தங்கச்சியை ஆலிஸ்லதான் கொண்டுபோய் வைக்கணும். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஆலிஸ்ல போயி ஜன்னலையும் சுவத்தையும் பாத்துக்கிட்டுப் படுக்கமாட்டேன் மகளே. மிஷினே வேணாம், எங்கப்பா மண்ணுல படுத்துக்கறேன்'னு சொல்றாங்க."

நான் மேஜைமேல் இருந்த என் பேனாவை எடுத்து டிராயருக்குள் போட்டேன்.

"ஏன் வரலைன்னு உங்க மாமியாரைக் கேட்டா காரணமே சொல்லல. மத்தது எது கேட்டாலும் ஆமாங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, ஹெஸ்டர் கோப்பைப் புரட்டி நிமிர்ந்தாள். அவள் சட்டையில் காலர் இருந்தது. "நீங்க கடிதத்தைக் கையில குடுத்துப் படிச்சுக் காட்டினீங்கல்ல?"

பதினோரு வருஷமாக ஊருக்குப் பாடம் நடத்திய வாய் இது. "ஆமா" என்றேன்.

வீட்டுக்குப் போனால் ரோசலின் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு காத்திருந்தாள்.

"யோவ், அம்மா வண்டி மேல ஒரு கவர் கெடந்துச்சாமே. யாரு வச்சது?"

"காத்து கொண்டாந்து போட்டிருக்கும்."

"காத்து கல்லையும் தூக்கிட்டு வந்து வச்சுதா?"

நான் கெட்டிலைப் பார்த்தேன். கெட்டில் எனக்கு உதவி செய்யவில்லை.

"அம்மா உன் பேரைச் சொல்லமாட்டா. மருமகனைக் கோர்ட்டுல இழுத்தா அவளுக்கு அதைவிட அசிங்கம் வேற இல்ல. ஜெயிலுக்குப் போனாலும் போவாளே தவிர சொல்லமாட்டா. நான் சொன்னா, மக அம்மாவைக் காப்பாத்தப் பொய் சொல்றாம்பாங்க. கையெழுத்து உன்னுது."

"வேலை போயிரும்டி."

"போனாப் போவுது. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என்ன கிழிச்சே, அதையே கிழி." தட்டை என் முன்னால் வைத்தாள். "சித்தி செத்தா அந்த வீட்டு வாசல்ல எப்படி போயி நிப்பே? இருமிக்கிட்டா?"

ரோசலினுக்குக் கோபம் வந்தால் வக்கீலே தேவையில்லை.

மறுநாள் வழக்கம்போல ஹாலுக்குப் பின்னால் நின்றேன். இந்தத் தடவை கண்ணாடிப் பட்டை ஜன்னல் பக்கம், ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்கே போனாலும் பின்தொடரும் மூன்று நாய்கள் என்னோடு. உள்ளே நீதிபதி பேசுவது நன்றாகக் கேட்டது.

"போன மாசம் கோர்ட்டு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"ஆமா" என்று மெல்லிசாக ஒரு குரல். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. பாதி பொத்தினேன்.

"தெரிஞ்சும் வரலையா?"

"ஆமா."

"வேணும்னே வரலையா?"

"ஆமா."

ஹெஸ்டர் எழுந்துவிட்டாள். "ஐயா, இவங்களுக்கு இறக்கை இருக்கான்னு கேட்டாலும் ஆமாம்பாங்க. இதைப் பதிலா எடுத்துக்கக் கூடாது."

"சரி. அப்ப உங்க ஆபீஸ் தேதியைச் சொல்லாம விட்டுடுச்சுன்னு சொல்றீங்களா?"

தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. என்ன தாள் என்று எனக்குத் தெரியும். அதில் அழகான ஒரு கையெழுத்து இருக்கும். ஹெஸ்டர் பொய்யும் சொல்லமாட்டாள், அவளுக்கு உண்மையும் தெரியாது. சும்மா புரட்டிக்கொண்டே இருந்தாள். சின்ன மாமியார் இருமினார். டயாலிசிஸ்காரர்களின் இருமல் வேறு மாதிரி இருக்கும்.

"ஐயா!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

"யாருப்பா அது ஜன்னல்ல?"

"லெராய், ஐயா. சட்ட உதவி ஆபீஸ். அந்தக் கையெழுத்து பொய்யி. என்னுதுதான்."

"உள்ள வந்து சொல்லுங்க."

"வர முடியாதுங்க. உள்ள எங்க மாமியார் இருக்காங்க."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது முழுமையான, நியாயமான பதில். நீதிபதிக்கு மட்டும் ஹெஸ்டர் ஏதோ விளக்கினாள். உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமியார் தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார் என்று பிறகு டீனோ சொன்னான். ஆக, நான் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு, சாட்சி ஆரம்பித்தது. சத்தியம் வாங்க பைபிளைக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் பட்டைக்குள் நுழையவில்லை. கையைப் பின்னால் வளைத்து மூன்று விரலை உள்ளே விட்டேன், குமாஸ்தா பைபிளை விரலில் முட்டவைத்தார். நாய் ஒன்று இதுதான் சமயம் என்று என் இன்னொரு கையை நக்கியது.

எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், நாய், பள்ளம், கல்.

"கல்லா?" என்றார் நீதிபதி.

சார்ஜண்ட் தொண்டையைச் செருமினார். "உண்மைதாங்க. பானட்டுல கல்லும் அதுக்கடியில கவரும் இருந்துச்சு. கவரு ஒட்டுப் பிரிக்கல. கோப்புல வச்சிருக்கேன். கல்லை ஸ்டேஷன் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கோம்."

நீதிபதி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார் என்பது டீனோவின் செய்தி.

"லெராய், குடுக்கலன்னு உண்மையை எழுத வேண்டியதுதானே?"

"எழுதினா ஏன் குடுக்கலன்னு கேப்பாங்க. பொண்டாட்டி பேசல, ஆள் இல்லன்னு சொல்லணும். எதுக்குப் பேசலன்னு கேப்பாங்க."

"எதுக்குப் பேசல?"

பதினோரு வருஷம் அடுத்தவர் கதையை விற்றவன் நான், இன்றைக்கு என் சரக்கே கடைக்கு வந்துவிட்டது.

"விளையாட்டு விழாவுல பொம்பளைங்க ஓட்டத்துல ரோசலின் முதல்ல வந்தா. மத்த ரெண்டு பேரும் விழுந்துட்டதாலதான் ஜெயிச்சான்னு கடையில சொல்லிட்டேன் ஐயா."

அப்போதுதான் ஹால் வெடித்தது. ரோசலின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "ஒருத்திதான் விழுந்தா!"

சத்தம் அடங்கியதும் நீதிபதி மெதுவாகப் பேசினார். "இந்தம்மா கோர்ட்டை மதிக்கலன்னு நினைச்சு வந்தேன். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு மரியாதை குடுத்த ஆளை நான் பாத்ததே இல்ல." வாரண்ட் ரத்து. வராத குற்றம் தள்ளுபடி. வண்டி ஓட்டியதற்கு ஜெயில் இல்லை. ஒரு வருஷம் ஒழுங்காக இருக்கவேண்டும், லைசென்ஸ் எடுக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. "அதுவரைக்கும் தங்கச்சியை யார் கூட்டிட்டு வருவாங்க? நர்ஸம்மா?"

நர்ஸ் முடியாது என்றாள். டீனோவுக்கும் ரோசலினுக்கும் லைசென்ஸ் இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்றது என் வாய். அது எப்போதும் எனக்கு முன்னால் போய்விடும்.

"டேய் மச்சான்" என்று டீனோ ஜன்னல் பக்கம் வந்து கிசுகிசுத்தான், "அவங்களும் உனக்கு மாமியார்டா."

வெளியே வரும்போது சார்ஜண்ட் கல்லை என் கையில் கொடுத்தார். "உன் சொத்து" என்றார்.

ஆலிஸிலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஹெஸ்டரே கொண்டுவந்து, நேரில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். மூன்று மாதம் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. "புரிஞ்சுதா லெராய்?" என்றாள். என்ன பதில் சொன்னாலும் சிரிப்பாள் என்று தெரிந்து தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: "வேறு முறையில், விவரம் எழுதவும்." நான் இந்த உலகத்துக்கு விட்டுப் போகப்போகும் ஒரே பொருள் அதுதான்.

வண்டி ஓட்டிய கதையையும் சொல்லவேண்டும். டீனோவின் வண்டியில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கம்பளி ஒன்றைத் தைத்துத் தொங்கவிட்டோம். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி ரோசலின் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் தலையில் துண்டோடு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பின்னால் ரெண்டு மாமியார்களும் ஏறிக் கதவைச் சாத்துவார்கள். பேச முடியாது என்பதால் கூரையில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ. மூன்றுக்கு அர்த்தம் ரோசலின் சொல்லமாட்டேன் என்றாள், ஆனால் அதுதான் அதிகமாக விழுந்தது. மருமகன் ஆனதிலிருந்து நிம்மதியாக இருந்தவன், நாலு மாதம் தகரத்தால் திட்டு வாங்கினேன்.

லைசென்ஸ் எடுத்துக்கொடுக்கும் ஆட்கள் வந்தபோது மாமியார் முதல் தடவையிலேயே தேறிவிட்டார். நான் அந்தக் காலத்தில் நாலாவது தடவை தேறினேன். அதை ஊரில் யாரும் மறக்கவில்லை, ஏனென்றால் மற்றவர்கள் தோற்ற கதையையெல்லாம் நானே பரப்பியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை ஆபீசுக்குப் போனேன். வண்டியின் பானட்டில் ஒரு கல். நான் ஆபீஸ் வாசலில் போட்டுவைத்த அதே கல். அடியில் வெள்ளித் தாளில் சுற்றி, சாம்பலில் வெந்த கங்காரு வால், இன்னும் சூடாக. தூரத்தில் டொயோட்டா ஒன்று முழு வேகத்தில் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது.

முறைப்படி ரோசலின் வந்து எடுத்துக் கொடுக்கும்வரை நான் அதைத் தொடக்கூடாது. அவள் தன் சித்தியோடு கிளினிக்கில் இருந்தாள், வர மதியம் ஆகும். நாய்கள் மூன்றும் வந்து உட்கார்ந்துவிட்டன. மாமியார் ரெண்டு வாரம் காத்திருந்தார். நான் கல்லைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், என் பரம்பரை மரியாதையையெல்லாம் திரட்டிக்கொண்டு ரெண்டு நிமிஷம் நின்றேன்.

ரோசலின் வந்தபோது எலும்புதான் இருந்தது. நாய் தின்றுவிட்டது என்றேன். "ஆமா" என்றாள் அவள், என் தாடையில் இருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டே.